ஆபரேஷன் முடிந்தவர்களிடம் மூன்றாவது குழந்தை கேட்கலாமா?

திருப்பதி மாவட்டம் சந்திரகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது நாராவாரிப்பள்ளி. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊர். சங்கராந்திக்குக் குடும்பத்தோடு அங்கே வருவது அவர் வழக்கம். 2025 சங்கராந்திக்கு வந்திருந்தபோது அவர் பேசியது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு காலத்தில் இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்றிருந்தது; இனி இரண்டுக்கு மேல் பெற்றவர்கள்தான் நிற்கலாம் என்று சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது அவர் பேச்சின் சாரம். பிள்ளைகள் குறைந்தால் மாநிலத்துக்கு வயதாகிவிடும், உழைக்கும் கைகள் இல்லாமல் போகும் என்பது அவரது கவலை.

பழைய சித்தூர் மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டை அடுத்து, பாலசமுத்திரம் மண்டலம் இருக்கிறது. மாவும் கரும்பும் நிலக்கடலையும் நம்பிய பூமி. வீட்டில் தமிழ், மண்டல அலுவலகத்தில் தெலுங்கு. 1960இல், எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது, ஆந்திரத்திலேயே தங்கிவிட்ட தமிழ் ஊர்கள் இந்த எல்லை நெடுக உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் எல்லை தாண்டித்தான் நடக்கின்றன. முதல்வர் இன்னொரு பிள்ளை பெறச் சொல்கிறாரே என்று இங்கே முப்பது வயதுப் பெண் ஒருவரிடம் கேட்டால், பெரும்பாலும் வரக்கூடிய பதில் ஒன்றுதான்: “எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே.”

மேடைகளில் நடக்கும் விவாதத்தில் இந்தப் பதிலுக்கு இடமே இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இந்திய சராசரி 38 சதவீதம். நாட்டில் வேறெந்தப் பெரிய மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. அதே ஆய்வில் அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, மூன்றாவது குழந்தை வேண்டும் என்று முதல்வர் யாரைப் பார்த்துப் பேசுகிறாரோ, அவர்களில் பத்துக்கு ஏழு பேரால் நினைத்தாலும் பெற முடியாது. அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது இதே அரசுதான், இதே சுகாதாரத் துறைதான்.

இது எப்படி நடந்தது என்பதை நினைவூட்டிக்கொள்வது நல்லது. நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடைக்குப் பிறகு ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின. சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. கருத்தடைக்கு இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டும் முறையை 1996இல் மத்திய அரசு கைவிட்டது. மறு ஆண்டே ஆந்திரம், நாயுடு முதல்வராக இருந்தபோது, தனக்கென ஒரு மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டது. ஊக்கத்தொகைகளோடு வந்த கொள்கை அது. பெண்களின் படிப்பு கேரளத்தையோ தமிழ்நாட்டையோ எட்டாத நிலையிலேயே ஆந்திரத்தின் பிறப்பு விகிதம் மளமளவென்று சரிந்தது. 1992–93இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.6 குழந்தைகள், 2005–06இல் 1.8, 2019–21இல் 1.7. மக்கள்தொகை குறையாமல் நிலையாக இருக்க 2.1 வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஆந்திரம் இறங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று திடீரென்று முளைத்த சிக்கல் இல்லை இது.

எல்லையோரக் கிராமங்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்த விஷயத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். 2019–21 ஆய்வின்படி, ஆந்திரத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 29 சதவீதம் பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இது 13 சதவீதம்தான். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே முடிக்கிற கல்யாணங்களில் தள்ளிப்போடச் சொல்லும் துணிச்சல் பெண்ணுக்கு வருவதில்லை. கல்யாணமான ஆண்டே ‘ஏதாவது விசேஷம் உண்டா’ என்ற கேள்வி தொடங்கிவிடும். முதல் பிரசவம் தாய்வீட்டில். இரண்டு, மூன்று ஆண்டில் அடுத்தது. அதற்குள் ஆஷா பணியாளரும் கிராமச் செவிலியரும் வந்து பேசியிருப்பார்கள். மாமியாரும் அம்மாவும் முடிவு சொல்லியிருப்பார்கள். இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்தே குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிடும். பெரும்பாலோர் அப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். தற்காலிகக் கருத்தடை முறை எதையுமே ஒருநாள்கூடப் பயன்படுத்திப் பார்க்காமல், பெறுவதிலிருந்து நேரே நிரந்தரமாக நிறுத்துவதற்குப் போய்விடுகிறார்கள்.

இதில் சிசேரியனின் பங்கு பெரியது. அதே ஆய்வின்படி ஆந்திரத்தில் பிறக்கும் குழந்தைகளில் 42 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63 சதவீதம். தமிழ்நாட்டு நிலவரமும் ஏறக்குறைய இதேதான். முதல் பிரசவம் கத்தி என்றால் இரண்டாவதும் அநேகமாகக் கத்திதான். இரண்டு முறை வயிற்றைக் கிழித்த பிறகு மூன்றாவது வேண்டாம் என்று மருத்துவர் சொல்வது வழக்கம். கர்ப்பப்பைத் தழும்பு, நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து என்று காரணங்களும் இருக்கின்றன. வயிற்றைத் திறந்திருக்கும்போதே குழாயையும் கட்டிவிடலாம் என்பது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அறுவை அரங்குக்குள் போகும் முன் கையெழுத்து வாங்குகிறார்கள். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணிடம், மாமியாரும் கணவனும் வெளியே நிற்கும்போது வாங்கும் சம்மதத்தை முழுமையான சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது குழந்தைக்கு ஊக்கத்தொகை பேசும் அரசு, தேவையில்லாத சிசேரியன்களைப் பற்றி அதே சூட்டோடு பேசியதாகத் தெரியவில்லை.

இப்படிச் சொல்வதால் பெண்கள் ஏமாற்றப்பட்டு நிறுத்தினார்கள் என்று பொருள் இல்லை. இரண்டு போதும் என்று அவர்கள் உண்மையாகவே நினைத்தார்கள், இப்போதும் நினைக்கிறார்கள். ஒன்றே போதும் என்பவர்களும் கூடிவருகிறார்கள். அவர்கள் கணக்கு தெளிவானது. பாட்டி காலத்தில் ஆறேழு பிள்ளைகள் என்றால் அதில் இரண்டு மூன்று தங்காது. இன்று பிறக்கிற பிள்ளை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை வந்தவுடன், இருக்கிற ஒன்றையோ இரண்டையோ நன்றாக ஆக்கிவிட வேண்டும் என்ற வெறியும் வந்துவிட்டது.

‘நன்றாக ஆக்குவது’ என்பதற்கு இங்கே விலை அதிகம். பக்கத்து டவுனில் ஆங்கிலவழிப் பள்ளி, அதற்கு வேன் கட்டணம். பிறகு திருப்பதியிலோ சித்தூரிலோ இன்டர் (பிளஸ் டூ) படிப்புக்குத் தனியார் ஜூனியர் கல்லூரி விடுதி. அதற்குப் பிறகு பி.டெக். இந்தப் பாதை ஒவ்வொரு பெற்றோர் மனதிலும் ஓடுகிறது. எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகள் தேய்வதற்கு ஆசிரியர் பற்றாக்குறையும் பாடநூல் சிக்கலும் மட்டும் காரணம் இல்லை. ஊரில் பிறக்கும் பிள்ளைகளே குறைவு. அவர்களிலும் பலர் வேன் ஏறிவிடுகிறார்கள். பெண் குழந்தை என்றால் நகையும் கல்யாணச் செலவும் பிறந்த நாளிலிருந்தே கணக்கில் ஏறுகின்றன.

வருமானத்தின் பக்கமோ எதுவும் நிலையாக இல்லை. சித்தூர் மாவட்டத்தின் பெருமை கிளிமூக்கு மாங்காய், இங்கே தோத்தாபுரி என்பார்கள். 2025 பருவத்தில் அதன் விலை படுத்துவிட்டது. பழக்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவிக்க வேண்டிய நிலை. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. பழம் ரோட்டோரம் கொட்டப்பட்டது. ஒரு சீசன் இப்படிப் போன வீட்டில் அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சே எழாது. மேடைப் பேச்சு எதுவும் அந்த வீட்டுக் கணக்கை மாற்றாது. நிலம் போதாத வீட்டு ஆண்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஊர் வருகிறார்கள். பிள்ளையைத் தூக்குவது, பள்ளிக்கு அனுப்புவது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி ஓடுவது எல்லாம் பெண் ஒருத்தியின் தலையில்.

பெண்களுக்கும் வேலை வந்திருக்கிறது. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன், ஏசி, பொம்மை, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். கம்பெனி பஸ் சுற்றுவட்ட ஊர்களில் வந்து ஏற்றிக்கொள்கிறது. முதல் தலைமுறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் சம்பளம். இந்த மாற்றத்தை நான் கொண்டாடுகிறேன். ஆனால் ஷிப்ட் வேலையும் கைக்குழந்தையும் சேர்ந்து ஓடாது என்பதை அந்தப் பெண்கள் நன்றாக அறிவார்கள். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் துறை தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி வந்ததும், பெண்கள் யாரும் அதிர்ச்சி அடையவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. கழுத்தில் தாலி இருக்கிறதா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று வேலை கொடுப்பவர்கள் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. மூன்றாவதற்கு 12 வாரம்தான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவருக்கும், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவருக்கும், ஒப்பந்தத்தின் பேரில் தொழிற்சாலைக்குள் நிற்கிறவருக்கும் அது எட்டுவதே இல்லை. கர்ப்பம் தெரிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000. இரண்டாவதும் ஆண் என்றால் ஒன்றுமில்லை.

ஆண், பெண் என்ற பேச்சு வந்துவிட்டது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்று ஒரு வீடு நினைக்கிறது என்றால், அநேகமாக முதல் இரண்டும் பெண்ணாக இருக்கும். ‘ஒரு பையன் வந்துட்டா போதும், நிறுத்திடலாம்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத தெரு உண்டா? அதனால் மூன்றாவது குழந்தைக்கு ஊக்கம் கொடுப்பது, ஆண் குழந்தை ஆசைக்கு ஊக்கம் கொடுப்பதாகவே முடியும். 2025 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியின் விஜயநகரம் எம்.பி. காலிசெட்டி அப்பலநாயுடு, மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசு என்று அறிவித்தார். தன் சம்பளத்திலிருந்தே தருவதாகச் சொன்னார், நல்லெண்ணம்தான். என்றாலும் ஒரு பிள்ளையை வளர்க்கும் இருபது ஆண்டுச் செலவையும் ஒரு பெண்ணின் உடம்பையும் வேலையையும் ஒரு பசுவோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது என்றால், அந்த வேலை யார் செய்வது என்று யோசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

எல்லைக்குத் தெற்கேயும் கதை வேறில்லை. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 1.8. 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகைக் கணக்குப்படி நாடாளுமன்றத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்படுவதை மனதில் வைத்து, பதினாறு பிள்ளைகள் பெறலாமா என்ற எண்ணம் வருகிறது என்றார் முதல்வர் மு.க.ஸ்டாலின். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமணத்தில், புதுமணத் தம்பதிகள் உடனடியாகக் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அதே நாகப்பட்டினத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டோடு நிறுத்தச் சொன்னது அரசு, நிறுத்தினார்கள், இரண்டையும் கடல் கொண்டுபோனது. கட்டிய குழாயை மறுபடி இணைக்கும் அறுவைக்குத் தமிழ்நாடு அரசு பண உதவி அறிவித்தது. சிலருக்கு மீண்டும் குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. பேரிடருக்கு அரசைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் இருபத்துமூன்று வயதில் நிரந்தரமாக மூடிவிடுவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை அந்தத் தாய்மார்கள் நாட்டுக்குக் காட்டினார்கள். நாடு அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அதே பிரசவ வார்டு, அதே படிவம், அதே வயது.

ஆந்திரத்தின் உள்ளாட்சிச் சட்டத்துக்கு வருவோம். 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டம், அது வந்து ஓராண்டு கழிந்த பிறகு மூன்றாவது குழந்தை பெற்றவர்களைத் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர்கள் ஆக்கியது. ஹரியானாவின் இதேபோன்ற சட்டத்தை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இத்தகைய விதிகளின் விளைவுகளை ஆந்திரம் உட்படப் பல மாநிலங்களில் ஆராய்ந்த நிர்மலா புச் வெளிக்கொண்டு வந்தவை நெஞ்சைப் பதறவைப்பவை: பதவிக்காக மனைவியைக் கைவிட்ட கணவர்கள், பெற்ற பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்றவர்கள், தத்துக் கொடுத்துவிட்டதாகக் காட்டியவர்கள், கருவைக் கலைக்க வைக்கப்பட்ட பெண்கள். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு கொடுத்து ஒரு கதவைத் திறந்துவிட்டு, எத்தனை பிள்ளை பெறுவது என்று தீர்மானிக்கும் அதிகாரமே இல்லாத பெண்ணை அந்தக் கதவருகே நிறுத்திவைத்தது அந்த விதி. 2024 நவம்பரில் ஆந்திரச் சட்டமன்றம் அதை நீக்கியது முழுமையாக வரவேற்கத்தக்கது. ஆனால் நீக்கிய இரண்டே மாதத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கலாம் என்று முதல்வர் பேசுவது அச்சம் தருகிறது. ஒரு குழந்தை உள்ள பெண்ணும், குழந்தை இல்லாத பெண்ணும், மணமாகாத பெண்ணும் சர்பஞ்ச் ஆகக் கூடாதா? குழந்தை இல்லை என்பதற்காக ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே நோகும் பெண்ணைச் சட்டமும் சேர்ந்து குத்த வேண்டுமா?

இப்படித் திசை திரும்பிய நாடுகளை நாம் பார்த்திருக்கிறோம். நம் உறவினர்கள் வாழும் சிங்கப்பூர் 1970களில் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று முழங்கியது. மூன்றாவது, நான்காவது என்று போனால் பிரசவக் கட்டணம் கூடும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறையும். 1987இல் அதே அரசு, வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றது. வரிச் சலுகை, ரொக்கம், விடுப்பு எல்லாம் வந்தன. 2023இல் அங்கே பிறப்பு விகிதம் 0.97. தென்கொரியா கோடி கோடியாகக் கொட்டியும் 2023இல் 0.72க்கு இறங்கியது. பிள்ளை வேண்டாம் என்று மக்களை நம்பவைப்பது அரசுகளுக்கு எளிதாக இருந்திருக்கிறது, ஏனென்றால் மக்கள் போய்க்கொண்டிருந்த திசையும் அதுவே. பெறுங்கள் என்று நம்பவைக்க இந்த அரசுகளால் முடியவில்லை.

அப்படியானால் தம்பதிகள் என்னதான் நினைக்கிறார்கள்? ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2025இல் வெளியிட்ட ஆண்டறிக்கைக்காக இந்தியா உட்பட 14 நாடுகளில் கருத்துக் கேட்டது. இந்தியாவில் பதில் சொன்னவர்களில் 38 சதவீதம் பேர், விரும்பிய அளவு குழந்தை பெறப் பணமே தடை என்றார்கள். வீடு, வேலை உத்தரவாதமின்மை ஆகியவற்றைத் தலா ஐந்தில் ஒருவர் அளவுக்குச் சொன்னார்கள். நம்பகமான குழந்தைக் காப்பு இல்லை என்றவர்கள் 18 சதவீதம். இன்னொரு விவரம் அதைவிட முக்கியம்: விரும்பாமல் கருவுற்ற அனுபவம் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோருக்கு இருக்கிறது, விரும்பிய எண்ணிக்கையை, கூடுதலாகவோ குறைவாகவோ, அடைய முடியாதவர்கள் 30 சதவீதம். வேண்டாதபோது பிறக்கிறது, வேண்டும்போது பெற முடியவில்லை. இரண்டும் ஒரே நாட்டில், பல நேரம் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் நடக்கின்றன.

பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் உண்மையான இழுபறி மூன்றாவது குழந்தையைப் பற்றியது இல்லை. ஒன்றோடு நிறுத்தலாமா, இரண்டாவது வேண்டுமா என்பதுதான் இளம் தம்பதிகளின் இன்றைய பேச்சு. பையன் ஒருவன் பிறந்துவிட்டான், அவனை இன்ஜினியர் ஆக்கிவிட்டால் போதும் என்று கணவன் நினைப்பான். இவனுக்குத் துணை வேண்டாமா, நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் இவன் ஒருவனே என்ன செய்வான் என்று மனைவி தவிப்பாள். சில வீடுகளில் இது அப்படியே மாறியிருக்கும்: அவன் கேட்பான், ‘யார் பார்த்துக்கறது?’ என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் அரசு பதில் சொல்ல வேண்டும். முன்பு பதிலாக அம்மாவும் மாமியாரும் இருந்தார்கள். இப்போது அவர்களும் ஐம்பது வயதுக்குள் இருக்கிறார்கள். தாங்களே கூலிக்குப் போகிறார்கள். இளவயதுக் கல்யாணத்தின் இன்னொரு விளைவு இது.

ஆந்திர அரசு செய்ததில் ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும். முந்தைய ‘அம்ம ஒடி’ திட்டத்தில் தாய் ஒருவருக்கு ஒரு பிள்ளைக்குத்தான் பணம். 2025 ஜூனில் தொடங்கிய ‘தல்லிக்கி வந்தனம்’, வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒதுக்குகிறது. பள்ளிப் பராமரிப்புக்குப் போக 13,000 தாயின் கணக்குக்கு வருகிறது. பிறந்துவிட்ட பிள்ளையை, அது எத்தனையாவது என்று கேட்காமல் மதிக்கும் திட்டம் இது. அரசுப் பெண் ஊழியர்களுக்கு எத்தனையாவது பிரசவமானாலும் முழு விடுப்பு என்ற அறிவிப்பும் சரியானதே. தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, அது மூன்றாவது என்று சொல்லி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளி, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று கூறியது. அந்த உரிமை அரசு ஊழியரோடு நின்றுவிடக் கூடாது.

அரசிடம் நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. அங்கன்வாடி காலையில் கூலி வேலைக்குப் போகும் நேரத்துக்கு முன்பே திறந்து, தொழிற்சாலைப் பஸ் திரும்பும் வரை இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளையும் ஏற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பெண்களுக்கு அதற்கான ஊதியம் வேண்டும். தொழிற்பேட்டைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே காப்பகத்தையும், பிரசவத்துக்குப் பிறகு அதே வேலையையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. கர்ப்பிணி பரிசோதனைக்கு வரும் ஏழாம், எட்டாம் மாதத்திலேயே, தனியாக உட்காரவைத்து, கணவனின் ஆபரேஷன் எவ்வளவு சிறியது என்பதையும் காப்பர்-டி, அந்தரா ஊசி ஆகிய தற்காலிக முறைகளையும் விளக்கி, இன்னும் சில ஆண்டு பார்த்து முடிவெடுக்கலாம் என்று சொல்ல ஒரு செவிலியருக்கு அரை மணி நேரம் தேவை. குழந்தை எண்ணிக்கை இதனால் கூடுமா என்று கேட்டால், கூடாமல்கூடப் போகலாம். கூட வேண்டும் என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்பதால் கேட்கிறேன்.

தொகுதி எண்ணிக்கையைப் பற்றிய தென் மாநிலங்களின் கோபம் நியாயமானது. குடும்பக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல் தொகுதிக் கணக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தார்கள். 2001இல் அதை நீட்டித்தார்கள். அந்த நியாயத்தை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேச வேண்டும், மாநிலங்கள் சேர்ந்து போராட வேண்டும். ஆந்திரத்தின் 25 எம்.பி.க்களுக்கும் தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்களுக்கும் உரிய வேலை அது. அதைப் பெண்களின் பிரசவ அறைக்குத் தள்ளிவிடக் கூடாது. இன்று பிறக்கும் குழந்தை ஓட்டுப் போடப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதற்குச் சோறு ஊட்டப்போவது முதல்வர்கள் இல்லை.

தங்கள் பேச்சில் அரசுகளுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் தலா 25,000 ரூபாயும் வைப்பு வைக்கிறது. அதைப் பெற வேண்டுமானால் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க வேண்டும். நடைமுறையில் அது தாய்தான். ஏழை வீட்டுப் பெண் குழந்தையின் படிப்புக்கு உதவி செய்ய அவள் தாயின் உடம்பில் நிரந்தர மாற்றத்தை விலையாகக் கேட்கும் நிபந்தனை இது. பள்ளிப்பட்டுப் பக்கம் பெண் கொடுத்திருக்கும் எல்லையோரக் குடும்பத்தினர் இதையும் அறிவார்கள், ஆந்திரப் பக்கத்து ‘மூன்று பெறுங்கள்’ பேச்சையும் கேட்கிறார்கள். இந்த நிபந்தனையை நீக்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.